ஏழு மீன்... ஒரு திருஷ்டி!

உங்கள் வீட்டு ஹாலில் ஒரு குட்டிக் கடலை வைக்க வேண்டும் என்று ஆசையா? தாராளமாக வையுங்கள். தடுப்பதற்காக நான் இதை எழுதவில்லை. ஆனால், பர்ஸைத் திறப்பதற்கு முன்னால், என்னிடம் இருக்கும் ஒரு பழைய ரசீதைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போங்கள்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. ஒரு மோட்டார். ஒரு ஃபில்டர். நீலமும் வெள்ளையுமாக எரியும் ஒரு லைட். கடல் உப்பு ஒரு பாக்கெட். மணல் ஒரு பை. 'லைவ் ராக்' நாலு கிலோ. கடைசி வரியில், மீன் - 8. எல்லாம் ஒரே தேதி, ஒரே ரசீது, ஒரே ஆட்டோ!

நான் பி.காம். படித்தவன். ஒரு ரசீதைக் கையில் கொடுத்தால் அதில் என்ன தப்பு என்று கண்டுபிடிக்கத்தான் மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த ரசீதில் கூட்டல் சரியாக இருந்தது, வரி சரியாக இருந்தது, கையெழுத்துகூட இருந்தது. தப்பாக இருந்தது தேதிதான். தொட்டிக்கும் மீனுக்கும் ஒரே தேதி இருக்கவே கூடாது. குறைந்தபட்சம் ஒரு மாதம், சில சமயம் ஆறு வாரம் இடைவெளி வேண்டும். இது அந்தக் கடைக்காரருக்கு நன்றாகவே தெரியும். எனக்குத் தெரியாது. வியாபாரம் நடந்தது அந்த இடைவெளியில்தான்.

"இன்னிக்கே மீன் விட்டுடலாமா?" என்று கேட்டது நான்தான். அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பக்கத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள், அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். வெறும் தொட்டியோடு எந்த அப்பா வீட்டுக்குப் போவான்?

"தாராளமா விடலாம் சார். ஒரு மருந்து தர்றேன், ரெண்டு மூடி ஊத்துங்க. தண்ணி ரெடி."

மூன்றாம் நாள் ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. 'சாப்பாடு கேக்குதுப்பா' என்று மகள் இன்னும் கொஞ்சம் தீனி போட்டாள். பதினோராம் நாள் காலையில் எட்டில் ஒன்று மிச்சம். மற்ற ஏழையும் அவள் மொட்டைமாடித் தொட்டிச் செடி மண்ணில் ஒவ்வொன்றாகப் புதைத்தாள். ஏழாவதைப் புதைக்கும்போது அவள் அழவில்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. பழகிவிட்டாள்!

மாடி வீட்டு அம்மா வந்து ஆறுதல் சொன்னார். "விடுங்க தம்பி, உங்க வீட்டுக்கு வர இருந்த கெடுதலை அதுங்க வாங்கிட்டுப் போயிடுச்சு. திருஷ்டி கழிஞ்சுது."

கடைக்காரரிடம் போனேன். ஆச்சரியம் பாருங்கள், அவரும் வார்த்தை மாறாமல் அதையே சொன்னார். "திருஷ்டின்னு நினைச்சுக்குங்க சார். புதுசா டாம்செல் வந்திருக்கு, கெட்டியான மீனு. நாலு போட்டுத் தரட்டுமா?"

வசூலாகவே ஆகாது என்று தெரிந்த கடனை ஒரு கட்டத்தில் கணக்குப் புத்தகத்திலிருந்து தள்ளுபடி செய்வார்கள். 'வாராக் கடன்' என்று பெயர். தள்ளுபடி செய்துவிட்டால் அதற்கப்புறம் அதைப் பற்றி யாரும் யாரையும் கேள்வி கேட்க மாட்டார்கள். நம் வீடுகளில் மீன் செத்தால் 'திருஷ்டி' என்கிறோமே, அது இந்தத் தள்ளுபடிதான். வீட்டுக்காரருக்கு மனசு ஆறுகிறது. கடைக்காரருக்கு அடுத்த விற்பனை ஆகிறது. மீன் எதனால் செத்தது என்று கேட்க ஆளில்லை. கேட்டிருந்தால் பதில் ரொம்பச் சாதாரணம். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இருக்கிற பதில்தான்.

மீன் மூச்சுவிடும்போதே செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விடுகிறது. மிஞ்சிப்போன தீனி அழுகினாலும் அம்மோனியா. கடலில் அது கரைந்து காணாமல் போகும், கடல் பெரிசு. உங்கள் இரண்டடித் தொட்டி வெறும் 56 லிட்டர். அதில் எட்டு மீன் என்றால், கதவு ஜன்னலை எல்லாம் மூடிவிட்டு அறைக்குள் அடுப்பு மூட்டுவது மாதிரி. அதிலும் கடல் தண்ணீர் காரத்தன்மை கொண்டது. காரமும் சூடும் ஏற ஏற, அம்மோனியாவின் விஷமான வடிவம்தான் அதிகமாகும். நல்ல தண்ணீர்த் தொட்டியில் தங்கமீன் தாக்குப்பிடிக்கும் அளவைக் கடல் தொட்டியில் மீன் தாங்காது.

இந்த விஷத்தைச் சாப்பிடுவதற்கென்றே பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை, அவ்வளவாகத் தொந்தரவு தராத நைட்ரேட் ஆக்கும். இந்த இரண்டு கூட்டமும் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருகுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். 'ரெண்டு மூடி ஊத்துங்க' என்றாரே, அந்த பாட்டிலில் பாக்டீரியா இருக்கலாம். வேலையைக் கொஞ்சம் வேகப்படுத்தலாம். ஆனால், அன்றைக்கே எட்டு மீனின் பாரத்தைத் தாங்காது. எல்.கே.ஜி. அட்மிஷன் அன்றே பிள்ளையை பொதுத் தேர்வுக்கு உட்காரவைக்க முடியுமா?

ஆகவே, கடல் தொட்டி வைக்கிறவர் முதலில் வாங்க வேண்டியது மீன் இல்லை. டெஸ்ட் கிட். நீங்கள் போகும் கடையில் 'அம்மோனியா டெஸ்ட் கிட் இருக்கா?' என்று கேட்டுப் பாருங்கள். 'அதெல்லாம் எதுக்கு சார்' என்று பதில் வந்தால், அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

இரண்டாவது முறை தொட்டி வைக்க நான் இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டேன். கோபத்தில் ஒரு வருஷம், படிப்பதில் ஒரு வருஷம். இந்த முறை நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கிட்டத்தட்ட 250 லிட்டர். 'முதல் தடவைதானே, சின்னதா ஆரம்பிப்போமே' என்று தோன்றும். கடைக்காரரும் அதைத்தான் சொல்வார். அதுதான் முதல் பொறி! தண்ணீர் குறைய குறைய, நீங்கள் செய்யும் சின்னத் தப்புகூடப் பெரிசாகும். ஒரு ஸ்பூன் தீனி அதிகமானால் 250 லிட்டர் மன்னிக்கும், 30 லிட்டர் மன்னிக்காது. சின்னத் தொட்டி கைதேர்ந்தவர்களுக்கு. ஆரம்பக்காரருக்குப் பெரிய தொட்டிதான் சுலபம். எடையை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கல், மணல், கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் முந்நூறு கிலோவைத் தாண்டும். டி.வி. ஸ்டாண்டில் வைக்கிற சமாசாரம் இல்லை.

அடுத்தது தண்ணீர். மெரினாவிலிருந்து குடத்தில் மொண்டு வந்துவிடலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அடையாறும் கூவமும் கலக்கிற கடலில் மொண்ட தண்ணீரையா வீட்டுக்குள் கொண்டுவருவது? போர் தண்ணீரும் உதவாது. அதில் கலந்திருக்கும் உப்புகளும் நைட்ரேட்டும் பாசிக்கு விருந்து. ஆர்.ஓ. தண்ணீர்தான் வழி. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர்வரை வீணாக வெளியே போகும் மெஷின்கள் உண்டு. அந்தத் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வீடு துடைக்க வையுங்கள். 2019 கோடையில் சென்னை லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

அதில் கலக்கும் உப்பு, சமையல் உப்பு இல்லை. சமையல் உப்பு வெறும் சோடியம் குளோரைடு. கடலில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் என்று ஒரு மளிகைக் கடையே இருக்கிறது. மீன் தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்பை வாங்கி, லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கலக்க வேண்டும். என் தொட்டிக்கு எட்டு, ஒன்பது கிலோ பிடித்தது. கலந்தபின் ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு சின்னக் கருவி, அதில் ஒரு சொட்டு விட்டு, கண்ணில் வைத்துப் பார்த்தால் அளவு தெரியும். 1.025, 1.026 என்று காட்டினால் கடல்.

இதில் எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. தொட்டித் தண்ணீர் தினமும் ஆவியாகிக் குறையும். ஃபேன் ஓடுகிற ஹாலில் என் தொட்டியில் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர்கூடக் குறைகிறது. குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றினால் போச்சு! ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கிறது. ஈடு செய்ய வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர். என் முதல் தொட்டியில் நான் தினமும் உப்புத் தண்ணீர் ஊற்றினேன். மிஞ்சிய அந்த எட்டாவது மீனுக்கும் நான் ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அது ஒரு மாதம் இருந்தது.

வெப்பம் பற்றி எந்தக் கடையிலும் வாயைத் திறக்க மாட்டார்கள். திறந்தால் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கடல் தொட்டிக்கு 25, 26 டிகிரி நல்லது. சென்னையில் மே மாதம் மத்தியானம் பூட்டிய ஹாலுக்குள் எவ்வளவு இருக்கும்? தண்ணீர் 32-ஐத் தொடும். மேலே சின்ன ஃபேன் வைத்தால் கொஞ்சம் இறங்கும். ஆனால், நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் அதுவும் முழுசாகக் கைகொடுக்காது. சில்லர் வேண்டும். சில்லரின் விலை, தொட்டியின் விலையைப் போல் பல மடங்கு. அது தண்ணீரைக் குளிரவைத்து, அந்தச் சூட்டை உங்கள் ஹாலில் கொட்டும். கரன்ட் பில்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரன்ட் போனால் மோட்டார் நிற்கும். சூடான உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே கம்மி. பேட்டரியில் ஓடுகிற காற்று மோட்டார் ஒன்று கைவசம் இல்லாவிட்டால், சில மணி நேர மின்வெட்டிலேயே கதை முடியலாம்.

முதலீட்டுச் செலவு வேறு, மாதாந்திரச் செலவு வேறு என்பது காமர்ஸ் மாணவனுக்கு முதல் வாரப் பாடம். கடைக்காரர் உங்களுக்குச் சொல்வது முதல் கணக்கை மட்டும். இரண்டாவது கணக்கில்தான் மீன் உயிரோடு இருக்கிறது. வாரம் பத்துப் பதினைந்து சதவிகிதத் தண்ணீரை மாற்ற உப்பு, டெஸ்ட் கிட், சில்லர் ஓடும் கரன்ட். இந்த இரண்டாவது கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு 'நமக்கு வேண்டாம்பா' என்று சொல்கிறவரை நான் மதிக்கிறேன். அவர் ஏழு மீன்களைக் காப்பாற்றியவர்.

சரி, தண்ணீர், உப்பு, குளிர் எல்லாம் ஆயிற்று. இப்போது மீனா? இல்லை. மார்க்கெட்டில் வாங்கிய ஓர் இறாலை உரித்துத் தொட்டிக்குள் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அது அழுகும், அம்மோனியா வரும், அதைத் தின்ன பாக்டீரியா வரும். இதுதான் அந்த ஒரு மாதம். வீட்டில் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வெறும் தண்ணீருக்கு லைட் போட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். "இறாலை வறுக்காம ஊறவச்சுப் பாத்துட்டிருக்கிற மனுஷனை இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் மனைவி. அம்மா, "ஏண்டா, அந்த மீன்கார ஆளு ஏமாத்திட்டானா?" என்று கேட்டார். உண்மையில் மீன்காரர் ஏமாற்றாத முறை அதுதான்!

இரண்டாவது வாரம் கல்லெல்லாம் காப்பிக் கலரில் ஒரு பாசி படிந்தது. பிறகு பச்சைப் பாசி, தலைமுடி மாதிரி. பார்க்க அசிங்கமாக இருக்கும். இந்தக் கட்டத்தில்தான் பலர் பயந்து கடைக்கு ஓடி, 'பாசி மருந்து' வாங்கி ஊற்றுகிறார்கள். ஊற்றாதீர்கள். புதுத் தொட்டிக்கு வருகிற பால் பல் மாதிரிதான் அது. நான் தினமும் சாயந்திரம் டெஸ்ட் கிட்டில் கலர் பார்த்து ஒரு நோட்டில் எழுதினேன். அம்மோனியா ஏறியது, இறங்கியது. நைட்ரைட் ஏறியது, ஆனால் இறங்கவே மாட்டேன் என்றது. முப்பத்தெட்டாம் நாள் இரண்டும் பூஜ்யம். அந்தப் பக்கத்தில் மகள் ஒரு ஸ்டார் ஒட்டினாள்.

இனி, பலருக்குப் பிடிக்காத விஷயத்துக்கு வருகிறேன். பவளம்.

'ரீஃப் டேங்க்' என்று கேட்டுத்தான் எல்லோரும் கடைக்குப் போகிறோம். வெளிநாட்டுப் படங்களில் கலர் கலராகப் பவளம் ஆடுகிறதே, அது வேண்டும். இந்தியாவில் அது அவ்வளவு சுலபமான ஆசை இல்லை. 2001-ல் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்களைச் சேர்த்தார்கள். புலியும் யானையும் இருக்கிற அட்டவணை! கல் பவளம் அத்தனையும், கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி... எல்லாம் அதில் வந்தன. கடல் குதிரைக்கும் கடல் அட்டைக்கும் அதே வருஷம் பாதுகாப்பு வந்தது. 2022-ல் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளையே மாற்றி எழுதியபோதும் கல் பவளம் முதல் அட்டவணையை விட்டு இறங்கவில்லை. தண்டனை மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷம்வரை சிறை. அபராதம் குறைந்தது 25 ஆயிரம் ரூபாய்.

'இது இம்போர்ட்டட் சார், ஒண்ணும் ஆகாது' என்பார்கள். உலகச் சந்தையிலும் கல் பவளம் என்றால் அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகக் கூடாது. 'அந்தப் பேப்பரைக் காட்டுங்க' என்று கேளுங்கள். கடைக்காரருக்கு உடனே ஒரு போன் வரும். பேசிக்கொண்டே உள்ளே போய்விடுவார்.

என் முதல் ரசீதில் 'லைவ் ராக் நாலு கிலோ' இருந்ததே, அதை ரொம்ப நாள் கழித்து உற்றுப் பார்த்தேன். கல் பூராவும் நட்சத்திரம் நட்சத்திரமாக அச்சு. பவளப் பூச்சிகள் ஒரு காலத்தில் குடியிருந்த குழிகள். பாறை என்று பெயர் சொல்லி எனக்கு விற்றது செத்த பவளத்தின் எலும்புக்கூட்டை. முதல் அட்டவணைச் சமாசாரம் ஒன்று என் ஹாலில் லைட் போட்டு அலங்காரமாக இருந்திருக்கிறது! கோபத்தில் கடையிலேயே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். அதுவும் முட்டாள்தனம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை வேறு ஒரு அப்பாவிடம் விற்றிருப்பார். வனத்துறையிடம் கொடுத்திருக்க வேண்டும்.

அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு எழுதித் தரவில்லை. ஆனால், தமிழ்நாட்டில் பவளம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடிவரை 21 தீவுகள் சிதறிக் கிடக்கும் மன்னார் வளைகுடா. 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். அனுமதியில்லாமல் அங்கிருந்து எதையும் எடுத்துவர முடியாது. அதற்கு முன்பும் பின்பும் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததில், பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்று இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன. பவளம்தான் அலையைத் தடுக்கிற சுவர். சுவரை உடைத்தால் வீடு நிற்குமா?

'ஏன்யா, அங்கே லாரி லாரியா வெட்டினாங்க, கடல் சூடேறி 2010-லயும் 2016-லயும் பவளம் வெளுத்துச் செத்துது. அதையெல்லாம் விட்டுட்டு, நாலு கிலோ கல்லு வாங்கினவனைப் பிடிக்கிறியே!' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். மன்னார் வளைகுடாவின் பெரிய எதிரி உங்கள் ஹால் இல்லை. ஆனால், பவளம் ஏன் வெளுக்கிறது என்று யோசியுங்கள். பவளப் பூச்சியின் உடம்புக்குள் ஒரு நுண்பாசி வாழ்கிறது. வெயிலில் சமைத்துப் பூச்சிக்குச் சாப்பாடு போடுவது அதுதான், கலர் கொடுப்பதும் அதுதான். தண்ணீர் தாங்க முடியாத அளவு சூடாகி, பல நாள் அப்படியே நின்றால் பூச்சி அந்தப் பாசியை வெளியே துரத்திவிடும். வெள்ளையாகும். சூடு தணியாவிட்டால் பட்டினியில் சாகும். 2016-ல் கடலுக்கு ஆனது, சில்லர் இல்லாத உங்கள் ஹாலில் ஒவ்வொரு மே மாதமும் ஆகும். கடலில் அப்படி வெளுத்துப்போன ஒன்றின் சொந்தக்காரனைப் பிடுங்கி வந்து, இங்கேயும் வெளுக்கவைக்க வேண்டுமா?

அப்படியானால் பவளம் இல்லாமல் ரீஃப் தொட்டியா? ஆமாம். பவளப்பாறை மாதிரியே ஓட்டை ஓட்டையாகச் செய்த செயற்கைக் கல் கிடைக்கிறது. என் தொட்டியில் அதுதான். நத்தை ஓட்டில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு பாசி, எட்டு மாதத்தில் கல்லெல்லாம் படர்ந்து ரோஸும் ஊதாவுமாகப் பூசிவிட்டது. யாரும் எதையும் கடலிலிருந்து உடைக்கவில்லை.

கடைசியாக மீன். கொளத்தூர் பக்கம் போனால் கப்பி மீன் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கும். அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. ஆனால், உங்கள் கையில் இருக்கும் கப்பி பிறந்தது இங்கேதான், ஏதோ ஒரு சிமென்ட் தொட்டியில். நல்ல தண்ணீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை அப்படிப் பண்ணையில் பிறந்தவை. கடல் மீன் நேர் எதிர். பெரும்பாலும் கடலில் பிடித்துக் கொண்டுவந்தது. பிலிப்பைன்ஸில் 1960-களிலிருந்தே சயனைடு கரைசலைப் பாறை இடுக்கில் பீய்ச்சி, மயங்கி வரும் மீனைப் பிடிக்கிற வழக்கம் உண்டு. அப்படிப் பிடிபட்ட மீன் அன்றைக்கே சாகாது. உள்ளுறுப்பு கெட்டு, கடல் தாண்டி, கடை தாண்டி, உங்கள் வீட்டுக்கு வந்து சாகும். அதற்கும் நாம் திருஷ்டி என்றுதான் சொல்வோம்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா? செய்தது. 2017 மே மாதம் மீன் தொட்டிக் கடைகளுக்கென்று விதிகளை அறிவித்தார்கள். விற்கக் கூடாது, காட்சிக்கு வைக்கக் கூடாது என்று 158 இனங்களின் பட்டியல் வேறு. வியாபாரிகள் கொதித்தார்கள். பிறகு விதிகளையே வாபஸ் வாங்கிவிட்டார்கள். அந்தப் பட்டியலில் கோமாளி மீனும் இருந்தது என்பதுதான் வேடிக்கை. பண்ணையில் பிறக்கவைக்க முடிகிற கடல் மீன் எது என்று கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் இருக்கும் மத்திய அரசின் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை உருவாக்கிப் பல வருஷம் ஆயிற்று. நம் அரசே கற்றுக்கொடுத்த வித்தைக்கு நம் அரசே தடை! தடை போட வேண்டியது மீன் இனத்துக்கு இல்லை. 'இந்த மீன் எங்கே பிறந்தது?' என்று ரசீதில் ஒரு வரி எழுதச் சொன்னாலே போதும். அந்த ஒரு வரியைத்தான் இதுவரை யாரும் கேட்கவில்லை.

இந்த வாதத்தை நான் பேசினாலே ஒருவர் எழுந்து நிற்பார். "சார், நீங்க வஞ்சிரம் வறுவல் சாப்பிடறவர்தானே?" ஆமாம், சாப்பிடுகிறேன். மட்டனும் சாப்பிடுகிறேன். ஆனால், ஆட்டைக் கொண்டுவந்து ஹாலில் கட்டிப்போட்டு, பட்டினி போட்டு, அழகு பார்த்து, செத்தபின் திருஷ்டி கழிந்தது என்று சொல்வதில்லை. 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தைப் பார்த்துவிட்டு, தொட்டியிலிருந்து தப்பிக்கத் துடிக்கிற மீனின் கதையைப் பார்த்துவிட்டு, அந்த மீனையே வாங்கித் தொட்டியில் போட்ட குழந்தைகள் உண்டு. குழந்தைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். நீமோ வேண்டுமானால் பண்ணையில் பிறந்த நீமோவை வாங்கலாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். டோரிதான் வேண்டாம். ஓரடி நீளம் வளர்கிற, நாளெல்லாம் நீந்துகிற மீன் அது. நாலடித் தொட்டி அதற்குக் குளியலறை.

என் தொட்டியில் நாற்பத்தேழாம் நாள் இரண்டு கோமாளி மீன் வந்தன. பண்ணையில் பிறந்தவை. அவை நாலு வாரம் தனித் தொட்டியில் இருந்து, நோய் இல்லை என்று தெரிந்தபிறகுதான் பெரிய தொட்டிக்குப் போயின. இரண்டே இரண்டு மீனா என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். வாடகைக்கு ஆள் சேர்ப்பது மாதிரி மெதுவாகச் சேர்க்க வேண்டும் என்று சொல்கிறேன். ஒரு தகவல்... கோமாளி மீன் எல்லாமே ஆணாகத்தான் ஆரம்பிக்கும். ஜோடியில் பெரியது பெண்ணாக மாறிவிடும். என் வீட்டில் யார் பெரியவர் என்று இன்னமும் தகராறு நடக்கிறது, தொட்டிக்குள்ளேயும்.

போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர், பையன் பிறந்தநாளுக்குக் கடல் தொட்டி வாங்க வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வேறு கடை, வேறு ஏரியா. கடை பளபளவென்று இருந்தது. நண்பர் ஆசையாக ஒரு மீனைக் காட்டினார். நான் கேட்டேன்.

"இது பண்ணையில பொறந்ததா, கடல்ல பிடிச்சதா?"

"நல்ல மீன் சார்."

"கடைக்கு வந்து எத்தனை நாள் ஆச்சு?"

"ஃப்ரெஷ்ஷா வந்தது சார்."

"அம்மோனியா டெஸ்ட் கிட் இருக்கா?"

கையில் இருந்த வலையைக் கீழே வைத்துவிட்டு அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், நீங்க வாங்க வரலை, இல்ல?"